தந்தி மாற்றியவர்கள்

ஜொகூர் கஸல் இசையைப் பற்றிய பண்பாட்டுக் கையேடு எதைப் பிரித்தாலும் ஏறக்குறைய ஒரே விவரந்தான் இருக்கும். ஆர்மோனியமும் தபலாவும் இந்தியாவிலிருந்து வந்தன, கம்புஸ் அரபு நாட்டிலிருந்து வந்தது, வயலினும் கித்தாரும் ஐரோப்பாவிலிருந்து வந்தன, பாட்டுக்கான சொற்கள் மலாய்ப் பந்துனிலிருந்து கிடைத்தன, எல்லாம் கலந்து ஜொகூர் கஸல் பிறந்தது. இதில் பொய்த் தகவல் ஒன்றுகூட இல்லை. ஆனால் இதைப் படித்து முடிக்கும்போது வாத்தியங்கள் தாமாகவே கப்பலேறி வந்து, தாமாகவே ஒரு பாயில் உட்கார்ந்து, தாமாகவே சுருதி சேர்ந்துகொண்டன என்ற எண்ணம்தான் மிஞ்சுகிறது. எந்த வாத்தியமும் அப்படிச் சேர்வதில்லை. கம்புஸை மடியில் வைத்துக்கொண்டு, பாடுபவர் மூச்சு வாங்கும் இடம் எது, ஆர்மோனியம் விட்டுவைத்த இடம் எது என்று தேடித் தேடி விரலை வைத்த மனிதர்கள் இருந்தார்கள். ஜொகூர் கஸலை ஆக்கியவர்கள் அந்தத் தந்தி வாத்தியக்காரர்களே. அவர்கள் செய்ததைப் பக்கவாத்தியம் என்று ஒதுக்காமல் இசையமைப்பு என்றே சொல்ல வேண்டும். இன்று புதுப் பாட்டுக்கு மெட்டுப் போடும் கம்புஸ் கலைஞரும் வயலின் கலைஞரும் அந்த வரிசையில் வருகிறவர்கள்தாம் என்பதைக் காட்ட ஜொகூரின் வரலாற்றிலேயே போதுமான சான்று இருக்கிறது.

முதலில் ஊரைப் பார்க்க வேண்டும். ஜொகூர் பாரு பழைய அரண்மனை நகரம் அல்ல. 1824 ஆம் ஆண்டு ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் செய்துகொண்ட ஒப்பந்தம் பழைய ஜொகூர்-ரியாவ் அரசை நீரிணையின் நடுவே கோடு போட்டுப் பிரித்தது. லிங்காவும் பென்யெங்காட் தீவும் டச்சுப் பக்கம் போயின. தெமெங்கோங் என்னும் பட்டம் தாங்கிய குடும்பம் சிங்கப்பூரின் தெலோக் பிளாங்காவில் இருந்தபடியே ஜொகூரைக் கவனித்து வந்தது. 1855 இல் ஜொகூரின் ஆட்சிப் பொறுப்பு தெமெங்கோங் டேயிங் இப்ராகிமின் கைக்கு முறைப்படி வந்தது. தஞ்சோங் புத்ரி என்ற சிறு குடியிருப்பு அதன்பின் வளர்ந்து, 1866 இல் ஜொகூர் பாரு என்ற பெயரைப் பெற்றது. இப்ராகிமின் மகன் அபு பக்கார் 1868 இல் மகாராஜா என்றும் 1885 இல் சுல்தான் என்றும் பட்டம் பெற்றார். கெடா, பேராக், சிலாங்கூர், திரெங்கானு அரண்மனைகளில் நோபாட் என்னும் பழைய அரசவை வாத்தியக் குழு உண்டு. இந்தப் புதிய ஜொகூர் அரசவைக்கு அது இல்லை. இங்கே பட்டாள பேண்டு இருந்தது. ஜொகூர் மாநில கீதத்துக்கு 1879 இல் இசையமைத்தவர் ஜொகூர் பாருவில் குடியிருந்த ஓர் ஆர்மீனியர். பழைய இசை முறை ஒன்று ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் அரண்மனையில் புதிது நுழைய நாளாகும். ஜொகூரில் அந்த நாற்காலி காலியாக இருந்தது. சிங்கப்பூர்த் துறைமுகத்தில் இறங்கும் எந்த இசையும் நீரிணையைக் கடந்து பெரிய வீட்டுக் கூடத்துக்கு வந்துவிட முடிந்தது.

வந்தவற்றில் முக்கியமானது பார்சி நாடகம். பம்பாய்ப் பார்சி நாடகக் கம்பெனிகள் 19 ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நாடகம் போட்டன. மலாய்க்காரர்கள் அதை வாயாங் பார்சி என்றார்கள். அதைப் பார்த்து மலாய் மொழியில் பங்சாவான் நாடகம் எழுந்தது. 1885 வாக்கில் பினாங்கில் மாமாக் புஷி தொடங்கிய குழுவை அதன் முன்னோடியாகச் சொல்வார்கள். அந்தக் கம்பெனிகளோடு வந்த இரண்டு வாத்தியங்கள் இங்கேயே தங்கிவிட்டன, ஒன்று தபலா, மற்றது ஆர்மோனியம். பாரிஸில் டெபைன் 1842 இல் காப்புரிமை பெற்ற கால்மிதி ஆர்மோனியத்தைக் கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் 1875 இல் தரையில் உட்கார்ந்து ஒரு கையால் துருத்தியும் ஒரு கையால் கட்டையும் இயக்கும்படி சிறிதாக்கினார். அது தமிழ்நாட்டு நாடக மேடையைப் பிடித்ததும் ஜொகூர்க் கூடங்களுக்கு வந்ததும் ஏறத்தாழ ஒரே காலத்து அலையில்தான். கஸல் பார்சி நாடகத்தின் வழி வந்ததா, ரியாவ்-லிங்கா அரசவையின் வழி வந்ததா என்பதில் இரண்டு கருத்து உண்டு. பென்யெங்காட்டிலும் கஸல் மரபு இருப்பதால் இரண்டாவது கருத்தையும் எளிதில் தள்ளிவிட முடியாது. என் கணிப்பில் இரண்டும் ஒன்றையொன்று அடிக்கவில்லை. 1824 ஒப்பந்தம் ஆட்சியைத்தான் பிரித்தது. நீரிணையின் இரு கரையிலும் உறவுக்காரர்கள் இருந்தார்கள், படகுகள் போய் வந்தன, பாட்டுக்காரர்களும் போய் வந்தார்கள். ஜொகூரின் முதல் மந்திரி பெசார் டத்தோ ஜாஃபார் ஹாஜி முகமது புக்கிட் செனியூமில் இருந்த தம் வீட்டில் கஸல் வைப்பார் என்று சொல்வார்கள். பிற்காலத்தில் அம்னோவைத் தொடங்கிய டத்தோ ஓன் அவருடைய மகன்தான். ஆக, தொடக்க காலத்தில் இது பெரிய மனிதர் வீட்டு விருந்தினருக்கான இசை. கேட்டவர்களில் பலருக்கு இந்துஸ்தானி மொழி புரிந்திருக்க வாய்ப்பில்லை. மெட்டுக்காகத்தான் கேட்டார்கள்.

அந்த நிலையிலிருந்து மலாய் மக்களின் இசையாகக் கஸல் மாறிய இடத்தில் ஒரு பெயர் நிற்கிறது. பாக் லோமாக் என்று எல்லோரும் அழைத்த ஹாஜி மூசா யூசோஃப். ஜொகூர்க் கலைஞர்கள் அவரைக் கஸலின் தந்தை என்கிறார்கள். அவரும் அவரோடு இருந்தவர்களும் செய்ததாகச் சொல்லப்படுவது ஒரே வரியில் அடங்கிவிடும்: சாரங்கியை எடுத்துவிட்டு வயலினை வைத்தார்கள், சித்தாரை எடுத்துவிட்டு கம்புஸை வைத்தார்கள், ஆர்மோனியத்தையும் தபலாவையும் அப்படியே விட்டார்கள். இந்த ஒரு வரியைத்தான் எல்லோரும் வேகமாகக் கடந்து போகிறார்கள். இங்கேதான் நின்று பார்க்க வேண்டும்.

சாரங்கி வில்லால் இழுக்கும் வாத்தியம். வாசிப்பவர் விரல் நுனியால் அழுத்தாமல், நகத்தை ஒட்டிய சதையைத் தந்தியின் பக்கவாட்டில் வைத்து வழுக்கிக்கொண்டே போவார். தந்திக்கு அடியில் கட்டங்கள் இல்லாததால் குரல் எப்படியெல்லாம் வளைகிறதோ அப்படியெல்லாம் அதுவும் வளையும். வயலினிலும் கட்டங்கள் இல்லை, வில் உண்டு. ஆகவே சாரங்கி போன இடத்தில் வயலின் வந்தது பெரிய தாவல் இல்லை என்று தோன்றும். ஆனால் சாரங்கியின் மூன்று முதன்மைத் தந்திகளுக்கு அடியில் முப்பதுக்கும் மேற்பட்ட துணைத் தந்திகள் தாமாக அதிர்ந்துகொண்டே இருக்கும். வாசிப்பு நின்றாலும் அந்த ரீங்காரம் நிற்காது. நான்கே தந்திகள் உள்ள வயலின் வில்லை எடுத்தவுடன் மௌனமாகிவிடும். சித்தாரைக் கம்புஸாக மாற்றியபோது நடந்தது இதைவிடப் பெரிது. சித்தாரில் உலோகத் தந்தி, வளைந்த உலோகக் கட்டங்கள், அடியில் துணைத் தந்திகள் எல்லாம் உண்டு. ஒரு முறை மீட்டினால் ஓசை நீண்டு நிற்கும். அந்த நீளத்துக்குள்ளேயே தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து ஐந்தாறு சுரங்களைக் காட்டிவிடலாம். கம்புஸ் இதற்கு நேர்மாறானது. மெல்லிய மரப்பட்டைகளை வளைத்து ஒட்டிய பேரிக்காய் வடிவ உடல், கட்டங்கள் இல்லாத குட்டைக் கழுத்து, இரண்டிரண்டாகச் சேர்த்துக் கட்டிய ஐந்து இணைகளோடு ஒற்றைத் தந்தி ஒன்று, பெரும்பாலும் ஆக மொத்தம் 11. மீட்டிய ஓசை கனமாக எழும்பி உடனே அடங்கும். அதில் சித்தாரின் நீண்ட இழுப்பு வரவே வராது.

சித்தார் வாசித்ததை அப்படியே கம்புஸில் வாசிப்பது நடக்காத காரியம் என்பது இதிலிருந்து தெரியும். கம்புஸை வைத்தவர் அதற்காகப் புதிதாக ஏதாவது செய்தே ஆக வேண்டும். அவர்கள் செய்ததை இன்றும் காதால் கேட்கலாம். பாடகர் ஓர் அடியைப் பாடி முடித்து மூச்சு வாங்கும்போது கம்புஸ் கீழ் சுருதியில் சிறு சிறு துணுக்குகளாக நுழைகிறது. நீட்ட முடியாத ஓசையைச் சீராக அடுக்கடுக்காக மீட்டி நீளமாகத் தோன்றச் செய்கிறது. வயலின் மேல் சுருதியில் பாடகரின் பின்னாலேயே போய், அவர் விட்ட இடத்தில் எடுத்து அலங்கரிக்கிறது. ஆர்மோனியம் இடையறாமல் ஒலித்து, துணைத் தந்திகள் போனதால் உண்டான வெறுமையை நிரப்புகிறது. ஆர்மோனியத்தால் வளைக்க முடியாத சுரங்களை வயலினும் கம்புஸும் வளைத்துக் கொடுக்கின்றன. பின்னால் வந்து சேர்ந்த கித்தார் அடிப்படைச் சுரக்கட்டுகளைத் தருகிறது. யார் எப்போது பேச வேண்டும், யார் எப்போது வழிவிட வேண்டும் என்ற இந்த ஏற்பாடு முன்பு இருந்த இந்துஸ்தானிக் கச்சேரியில் கிடையாது. அதை யாரோ யோசித்து, வாசித்துப் பார்த்து, பிடிக்காததைத் தள்ளி, பிடித்ததை நிலைப்படுத்தியிருக்கிறார்கள். அதற்கு இசையமைப்பு என்று பெயரிடாமல் வேறு என்ன பெயரிடுவது? பாட்டின் சொற்களும் இதற்கு ஏற்றபடி மாறின. உருது கஸலின் ஈரடிக் கண்ணிகள் போய், நான்கடிப் பந்துன் வந்தது. பந்துனின் முதல் இரண்டடி இயற்கைக் காட்சியாகவும் அடுத்த இரண்டடி மனக்கருத்தாகவும் நிற்கும். நடுவே வரும் திருப்பத்தில் வாத்தியங்கள் புகுந்து விளையாட நல்ல இடைவெளி கிடைக்கிறது.

இதற்கு மறுப்பாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு, அதை மதித்தே பதில் சொல்ல வேண்டும். சித்தாரும் சாரங்கியும் இங்கே கிடைத்திருக்காது, கிடைத்த கம்புஸையும் வயலினையும் எடுத்துக்கொண்டார்கள், இதில் கற்பனை எங்கே வந்தது, வெறும் தட்டுப்பாடுதானே என்று கேட்கலாம். இதை ஏற்க முடியாததற்குக் காரணம் ஆர்மோனியமும் தபலாவும்தான். அவையும் கல்கத்தாவிலிருந்தோ பம்பாயிலிருந்தோதான் வர வேண்டும். தபலாவின் தோலும் நடுவில் வைக்கும் கருமையும் இந்த ஈரக்காற்றில் சித்தாரைவிட அதிகத் தொல்லை தரும். அவற்றை விடாமல் வரவழைத்துப் பழுது பார்த்து வைத்துக்கொண்டவர்கள் அதே கப்பலில் ஒரு சாரங்கியை வரவழைத்திருக்க முடியாதா? சிங்கப்பூரில் இந்திய வணிகர்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. நான்கு இந்திய வாத்தியங்களில் இரண்டை வைத்துக்கொண்டு இரண்டை மட்டும் மாற்றினார்கள் என்றால் அதில் தேர்வு இருக்கிறது. தாளமும் சுருதியும் வெளியிலிருந்து வரலாம், பாடலோடு பேசும் குரல்கள் நம்முடையதாக இருக்க வேண்டும் என்ற தேர்வு அது.

அந்தக் குரல்கள் ஏற்கெனவே ஜொகூரில் இருந்தன. ஹத்ரமாவ்த் அரபுக்காரர்கள் சிங்கப்பூரிலும் ஜொகூரின் மேற்குக் கரையிலும் நிலைகொண்டிருந்தார்கள். அல்சகோஃப் குடும்பம் குக்கூப்பில் கான்ஸ்டாண்டிநோபிள் தோட்டம் என்ற பெரிய பண்ணையையே வைத்திருந்தது. அவர்களோடு வந்த ஸாப்பின் ஆட்டம் மலாய்க் கம்பங்களில் வேர் பிடித்தது. மூவார், பத்து பகாட் பக்கங்களில் ஊருக்கு ஊர் ஸாப்பினின் நடை வேறுபடும். ஸாப்பின் எப்படித் தொடங்குகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். மர்வாஸ் என்னும் சிறு கைப்பறைகள் பேசாமல் இருக்க, கம்புஸ் மட்டும் தனியாகத் தாளக்கட்டு இல்லாமல் வாசிக்கும். தக்சிம் என்று பெயர், நம் ஆலாபனையைப் போன்றது. ஆடுபவர்கள் அப்போது அவைக்கு வணக்கம் செய்வார்கள். அதற்குப் பிறகுதான் பாட்டும் தாளமும். நடுநடுவே கோப்பாக் என்ற பகுதியில் மர்வாஸ்கள் ஒன்றோடொன்று பின்னி உரக்க முழங்கும். ஆக, எழுதிவைக்காத ஒரு பகுதியை அந்த நேரத்திலேயே உண்டாக்கி வாசிக்கும் பழக்கம் ஜொகூர் கம்புஸ்காரர்களின் கையில் முன்பே இருந்தது. வயலினும் அப்படியே. போர்த்துக்கீசியர் 1511 இல் மலாக்காவைப் பிடித்த காலத்திலிருந்தே இந்தக் கரையில் வில் வாத்தியத்துக்கு வாழ்வு தொடங்கிவிட்டது. ரோங்கெங் ஆட்டத்திலும் டோண்டாங் சாயாங் பாட்டிலும் பியோலா எனப்படும் வயலின் இல்லாமல் பாட்டு இல்லை. பாடகர் அந்த நேரத்தில் புனையும் பந்துனுக்கு ஈடுகொடுத்துப் போவதே அதன் வேலை. கஸலுக்குள் கம்புஸும் வயலினும் வந்தபோது இரண்டு மரத்துண்டுகள் மட்டும் வரவில்லை, இந்த இரண்டு பழக்கங்களும் கூடவே வந்தன.

நமக்கு நன்கு தெரிந்த ஒரு வரலாற்றோடு இதை ஒப்பிட்டால் விஷயம் இன்னும் தெளிவாகும். கர்நாடக இசைக்குள் வயலின் வந்ததைப் பேசும்போது நாம் ஐரோப்பியத் தாக்கம் என்று சொல்லி நிறுத்திக்கொள்வதில்லை. பாலுசுவாமி தீட்சிதர் என்று சொல்கிறோம், தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு என்று சொல்கிறோம். வடிவேலுவுக்கு 1834 இல் சுவாதித் திருநாள் மன்னர் தந்த வயலினைப் பற்றிச் சொல்கிறோம். தோளிலிருந்த வயலினைத் தரையில் உட்கார்ந்தவரின் காலில் ஊன்றி, தந்திகளை ச-ப-ச-ப என்று சுருதி மாற்றி, விரலைக் கமகத்துக்குப் பழக்கியது ஒரு பெரும் படைப்புச் செயல் என்று ஒத்துக்கொள்கிறோம். ஜொகூரில் வயலின் ஐரோப்பிய முறையிலேயே தோளில் நின்றது. ஆனால் அது சேர்ந்த கூட்டம் மாறியது. ஒன்றில் வாத்தியத்தை மாற்றினார்கள், மற்றொன்றில் கூட்டத்தை மாற்றினார்கள். இரண்டுமே படைப்புத்தான். ஆர்மோனியத்தின் கதை இன்னும் கூர்மையானது. தமிழ்நாட்டு நாடக மேடையில் கொடிகட்டிப் பறந்த அந்த வாத்தியத்தை, கமகம் வராது, சுரங்கள் நிலையாக நிறுத்தப்பட்டவை என்று சொல்லி அகில இந்திய வானொலி 1940 இல் விலக்கியது. 1971 இல்தான் அந்தத் தடை ஓரளவு தளர்ந்தது. அந்த ஆண்டுகள் முழுவதும் ஜொகூரில் ஆர்மோனியம் கஸலின் நடுவில் உட்கார்ந்திருந்தது. அதன் குறை இங்கே தெரியாமல் இல்லை. அந்தக் குறையை ஈடுகட்ட இரண்டு பக்கத்திலும் கட்டமில்லாத தந்திகளை வைத்திருந்தார்கள். டெல்லி அதிகாரிகள் விலக்கித் தீர்க்க முயன்ற சிக்கலை ஜொகூர்க் கலைஞர்கள் சேர்த்துத் தீர்த்தார்கள் என்று நான் நம்புகிறேன்.

பாக் லோமாக்கைப் பற்றியெல்லாம் வாய்மொழியாகச் சொல்வதுதானே, ஏட்டில் எங்கே இருக்கிறது என்பது அடுத்த மறுப்பு. வாய்மொழி வரலாற்றில் ஒரு கூட்டம் செய்த வேலை ஒருவர் பெயரில் திரண்டுவிடும் என்பது உண்மை. கஸலை மாற்றியது அவர் ஒருவரே என்று நான் வாதிடவில்லை. பாலுசுவாமி தீட்சிதர் எங்கே, யாரிடம் வயலின் கற்றார் என்பதிலும் கதைகள் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன, அதற்காக நாம் அவரை நூலிலிருந்து எடுத்துவிடுவதில்லை. மேலே சொன்ன வாத்திய ஏற்பாடு இருக்கிறதே, அதுவே சான்று. அது இயற்கையில் முளைத்தது அல்ல. அதைச் செய்தவர்கள் இருந்தாக வேண்டும். அவர்களுடைய ஊர் அவர்களில் ஒருவர் பெயரை மறக்காமல் வைத்திருக்கிறது என்றால் அந்த நினைவை ஐயப்படுவதைவிட அதைச் சுற்றி இருந்த மற்றவர்களின் பெயர்களையும் தேடுவதே ஆய்வாளர் செய்ய வேண்டியது.

20 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் கஸல் பெரிய வீட்டுக் கூடத்தை விட்டு வெளியே வந்துவிட்டது. கல்யாண வீட்டில் பந்தலுக்குக் கீழே பாய் விரித்து இரவெல்லாம் வாசிக்கும் இசையாயிற்று. குழுக்களுக்கே கஸல் பார்ட்டி என்று பெயர். மூவாரும் பத்து பகாட்டும் தலைநகருக்கு ஈடாக வளர்ந்தன. ஸ்ரீ மூவார், குனோங் பானாங் என்று ஊரையும் மலையையும் பெயராகக் கொண்ட பாடல்கள் கஸலின் அடிப்படைப் பாடங்கள் ஆயின. வானொலியும் இசைத்தட்டும் அவற்றை வடக்கே பெர்லிஸ்வரை கொண்டுபோயின. இந்தக் கட்டத்தில்தான் தந்தி வாத்தியக்காரர் பெயரோடு வெளியே தெரியத் தொடங்கினார். சிங்கப்பூரின் ஹம்சா டோல்மாத் மலாய் வயலினில் தனி முத்திரை பதித்தார். மெதுநடை அஸ்லிப் பாடலில் அவருடைய வில் பாடகரின் குரலுக்கு இணையாகப் பேசும். பினாங்கில் பிறந்து சிங்கப்பூர்த் திரைக்கு வந்த பி. ரம்லியும் வயலின் கையோடு வந்தவர்தாம். எல். கிருஷ்ணன் இயக்கிய ‘பக்தி’ 1950 இல் அவரைக் கதாநாயகனாக்கியது என்பது தமிழர் பெருமையோடு நினைவில் வைத்திருக்கும் செய்தி. அவர் இசையமைத்த ‘ஹாங் துவா’ 1956 இல் ஹாங்காங்கில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த இசைக்கான பரிசைப் பெற்றது.

ஜொகூரிலிருந்து வந்த ஃபாட்சில் அகமதுவை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். மலேசியா முழுவதும் அவரை ராஜா கம்புஸ் என்றே அழைத்தார்கள். அவர் கம்புஸ் வாசித்துக்கொண்டே பாடினார், பாடல்களை ஆக்கினார், கஸலிலும் ஸாப்பினிலும் ஜோகெட்டிலும் அந்த வாத்தியத்தை மேடையின் நடுவுக்குக் கொண்டுவந்தார். ‘ஜோகெட் சி பினாங் மூடா’ என்ற பாடலைக் கேட்டால் கம்புஸ் அங்கே பாடகரைத் தாங்கிக்கொண்டு ஓரமாக நிற்கவில்லை என்பது தெரியும். பாட்டின் முகமே அதுதான். அவருக்கு முன்னால் கம்புஸ்காரர் என்றால் குழுவில் ஒருவர். அவருக்குப் பின்னால் அந்த வாத்தியம் கையிலிருந்தாலே மக்கள் முன்னால் தனித்து நிற்கலாம், சொந்த மெட்டைத் தரலாம் என்றாயிற்று. இது திடீர் மாற்றம் போலத் தோன்றலாம். கூட்டத்துக்குள் பெயரில்லாமல் நடந்துவந்த ஆக்கம் ஒரு மனிதரின் பெயரோடு வெளியே வந்தது, அவ்வளவுதான். பழைய கஸல்காரர் ஒவ்வோர் இரவும் இடைவெளிகளில் புதிதாக மெட்டுக்கட்டினார். ஃபாட்சில் அகமது அதே வேலையை முழுப் பாடலின் அளவுக்கு விரித்தார்.

புதுப்பாடல்கள் வந்தால் மரபு கெட்டுவிடும் என்று கவலைப்படுகிறவர்களும் உண்டு. அவர்கள் இசையை நேசிப்பவர்கள் என்பதால் இந்தக் கவலையை அலட்சியம் செய்யக் கூடாது. பழைய பாடல்கள் சிலவற்றை எந்த மாற்றமும் இல்லாமல் பாதுகாத்து அடுத்த தலைமுறையிடம் தர வேண்டும் என்பதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் எந்த ஆண்டின் கஸலைத் தூய கஸல் என்று வைப்பது? சாரங்கி இருந்த ஆண்டா, கம்புஸ் வந்த ஆண்டா, கித்தார் வந்த ஆண்டா? மாற்றிய ஒரு கையை மரபு என்றும் அடுத்து மாற்றும் கையைக் கேடு என்றும் பிரிக்க வேண்டுமானால் அதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். நான் முன்வைப்பது இதுதான்: தந்திகள் குரலோடு பேசுகின்றனவா? பேசினால் அது கஸல் மரபு, மெட்டு நேற்று போட்டதானாலும் சரி. 1990களின் பிற்பகுதியில் எம். நாசிரும் ஜமால் அப்தில்லாவும் பாடிய ‘கஸல் உந்தோக் ராபியா’வும், பாக் ஙா இசையில் சித்தி நூர்ஹாலிசா பாடிய ‘சிண்டாய்’யும் இளைஞர்கள் பல்லாயிரம் பேரை மலாய் மரபிசையின் பக்கம் திருப்பின. அவை கல்யாணப் பந்தல் கஸலின் கண்டிப்பான வடிவத்தில் இல்லை, பாப் இசையின் தயாரிப்பு முறை அவற்றில் உண்டு. ஆனாலும் கம்புஸ் என்ற சொல்லையே கேட்டிராத வீடுகளுக்குள் அந்த வகை ஓசையைக் கொண்டுபோனவை அவை. உண்மையான ஆபத்து வேறெங்கோ இருக்கிறது. ஒரு மின்விசைப்பலகையை வைத்துக்கொண்டு கம்புஸ் பொத்தான், வயலின் பொத்தான், தபலா பொத்தான் என்று அழுத்தி ஒருவரே முழுக் கச்சேரியையும் நடத்திவிடும் வசதி இன்று இருக்கிறது. செலவு குறைவு, போக்குவரத்துத் தொல்லை இல்லை, கல்யாண வீட்டாரைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் அங்கே மெட்டு நூறு ஆண்டுப் பழமையானதாக இருந்தாலும் கஸல் இல்லை. பாடகர் மூச்சு வாங்கும்போது காத்திருந்து பதில் சொல்ல அங்கே யாருமே இல்லை.

ஆர்மோனியமும் தபலாவும் இருப்பதால் ஜொகூர் கஸல் பாதி நம்முடையது என்று சொல்லிக்கொள்ளும் ஆசை தமிழ் வாசகர்களிடம் எழக்கூடும். அந்த உரிமையை நான் கோர மாட்டேன். ஜொகூருக்குத் தமிழர்கள் பெருந்தொகையாக வந்தது ரப்பர்த் தோட்டங்களுக்காக. கங்காணி முறையில் ஆள் எடுப்பது 1938 இல் நிற்கும்வரை குளுவாங், சிகாமாட், லாபிஸ், கூலாய் வட்டாரங்களின் லயங்களில் அவர்கள் நிறைந்தார்கள். அவர்களோடு வந்தவை தப்பு, உருமி, நாதஸ்வரம், தவில். அவற்றில் ஒன்றுகூடக் கஸலுக்குள் நுழையவில்லை. கஸலுக்குள் வந்த இந்திய வாத்தியங்கள் துறைமுகம், நாடகக் கொட்டகை, பெரிய வீட்டுக் கூடம் என்ற வழியில் வந்தவை. தோட்டப்புறத்துக்கும் அந்த வழிக்கும் சந்திப்பு இல்லாமல் வைத்திருந்தது அன்றைய தோட்ட முறை. காலையில் பெரட்டுக்கு நின்று, பகலில் பால்மரம் வெட்டி, வேலியைத் தாண்ட அனுமதி வேண்டியிருந்த மனிதருக்குப் புக்கிட் செனியூம் கூடத்து இசை எட்டவில்லை. ஒரே மாநிலத்தில் நூறு ஆண்டுகள் வாழ்ந்தும் இரண்டு இசைகள் ஒன்றையொன்று கேட்காமல் போனதற்கு இசையில் காரணம் இல்லை. இந்த இழப்பை மலேசிய வரலாறு எழுதுகிறவர்கள் இன்னும் கணக்கில் எடுக்கவில்லை என்பது என் வருத்தம்.

இன்று அந்த வேலி இல்லை. கோலாலம்பூரில் 1994 இல் கலைக் கல்லூரியாகத் தொடங்கி 2006 இல் அஸ்வாரா என்று பெயர் மாறிய தேசியக் கலைக்கழகத்தில் மரபு இசை முறையாகக் கற்பிக்கப்படுகிறது. பந்துன் 2020 இல் மலேசியா, இந்தோனேசியா இரண்டின் பெயராலும் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் ஏறியது. பந்துனுக்குக் கிடைத்த இந்த மதிப்பு, அதைத் தந்திகளில் தாங்கி நின்றவர்களுக்கும் வர வேண்டும். அதற்குப் பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. பழைய கஸல் பதிவுகளை மறுபடி வெளியிடுகிறவர்கள் பாடகர் பெயருக்குக் கீழே கம்புஸ், வயலின், ஆர்மோனியம், தபலா, கித்தார் வாசித்தவர்களின் பெயர்களைத் தேடிப் போடலாம். மூவாரிலும் பத்து பகாட்டிலும் வயது முதிர்ந்த வாத்தியக்காரர்கள் இருக்கும்போதே அந்தப் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளலாம். ஜொகூரில் பிள்ளைகளுக்கு வயலினும் தபலாவும் கற்றுத் தரும் தமிழ் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஆண்டு விழா மேடைக்கு ஒருமுறை ஒரு கஸல் குழுவை அழையுங்கள். உங்கள் மாணவர் கையிலிருக்கும் அதே வயலின், அதே தபலா, அவர் பிறந்த மாநிலத்தில் நூறு ஆண்டுகளாக வேறொரு மொழியில் என்ன பேசி வருகிறது என்பதை அவர் நேரில் கேட்கட்டும்.